அறுபதாயிரம் முனைவர்களும் என் நான்காம் ஆண்டு வகுப்பும்



எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கான அழைப்பிதழை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிறப்பு வருகையாளர் பட்டியலில் மூன்று பெயர்களுக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சிடப்பட்டிருந்தது. முன்வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மூணு டாக்டர் வராங்களே, நமக்கு ஊசி போடுவாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால், அக்கேள்வி அன்று மாலை வரை என்னை விடவில்லை. அம்மூவரில் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர் ஒருவர் மட்டுமே. மற்ற இருவரும் எங்கிருந்தோ வந்த 'மதிப்புறு' பட்டத்தைச் சுமப்பவர்கள். ஆய்வு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் நாங்கள் ஒரே அளவு பொன்னாடையைத்தான் போர்த்தினோம். ஏன்? ஆய்வு என்ன செய்தது என்று நாம் கேட்பதே இல்லை. பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டுமே பார்க்கிறோம்.

இதே பழக்கம் நம் சமூகத்திடம் மட்டுமா இருக்கிறது? நாட்டின் உயர்கல்விக் கொள்கையிலும் இருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கலாம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

எண்ணிக்கை என்னும் நோய்

முனைவர் பட்டம் என்பது மிகப் பழைய பெயரில் வாழும் ஒரு புதிய ஏற்பாடு. ஆய்வையும் கற்பித்தலையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த பெர்லின் பல்கலைக்கழகம் 1810-இல் தோன்றியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தன் முதல் முனைவர் பட்டங்களை 1861-இல் வழங்கியது. ஆக்ஸ்ஃபர்டு இப்பட்டத்தை 1917-இல்தான் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1948-இல். ஆக, இது நூறு, இருநூறு ஆண்டு வரலாறுதான். அந்த வரலாற்றின் அடிப்படை எளியது: இதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்து, அறிந்தோர் முன் நின்று நிறுவுக! அவ்வளவுதான்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959-இல் கோலாலம்பூருக்கும் விரிந்து, 1962-இல் தனித்தியங்கும் பல்கலைக்கழகமாயிற்று. நம் பினாங்கில் 1969-இல் உருவான பல்கலைக்கழகமே இன்று மிண்டன் வளாகத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1970-இல் தேசியப் பல்கலைக்கழகம் எழுந்தது. தொடக்கத்தில் நம் அறிஞர்கள் பலர் முனைவர் பட்டத்திற்கு இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற வேண்டியிருந்தது. பின்னர்ப் படிப்படியாக இங்கேயே ஆய்வு நெறியாளர்கள் உருவானார்கள். இது பெருமைக்குரிய வளர்ச்சி. மறுப்பார் யார்?

பிறகுதான் கணக்கு தொடங்கியது. 2006-இல் நான்கு பல்கலைக்கழகங்கள் 'ஆய்வுப் பல்கலைக்கழகம்' என்னும் தகுதி பெற்றன. 2010-இல் ஐந்தாவதாக மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சேர்ந்தது. 2007-இல் தேசிய உயர்கல்வி வியூகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் 'மைபிரெய்ன் 15' என்னும் உதவித் திட்டம் தொடங்கியது. அதன் இலக்கு, 2023-ஆம் ஆண்டுக்குள் நாட்டில் 60,000 முனைவர்கள்!

அறுபதாயிரம்! எதற்காக அறுபதாயிரம்? எந்தக் கேள்விகளுக்கு விடை காண? எந்த நோய்க்கு, எந்தப் பயிருக்கு, எந்த மாணவனுக்கு? அறிவிப்புகளில் எண் பெரிய எழுத்தில் இருந்தது. கேள்விகள் சிறிய எழுத்தில்கூட இல்லை. சில ஆண்டுகளிலேயே புதிய சேர்க்கை நின்றது. 2023-ஆம் ஆண்டு வந்தது, போனது. இலக்கு எட்டப்பட்டதா என்பது என் வழக்கன்று. எட்டினாலும் எட்டாவிட்டாலும் அது பிழையான இலக்கு என்பதே என் வழக்கு. மருத்துவமனையின் தரத்தை மருத்துவர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளந்து, குணமடைந்த நோயாளிகளைக் கேட்காமல் விடுவதைப் போன்றது இது.

எண்ணிக்கைக்குப் பின்னால் இன்னோர் எண்ணிக்கையும் வந்து சேர்ந்தது. பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டை முடித்தால் மட்டும் போதாது. ஸ்கோபஸ் போன்ற பன்னாட்டுப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் கைக்கு வரும் என்று விதி வந்தது. இவ்விதி தரத்தைக் காக்கும் என்றார்கள். நடந்தது என்ன? கட்டுரையை வெளியிடக் கட்டணம் வாங்கும் இதழ்கள் பெருகின. ஒரே ஆய்வை மூன்று துண்டுகளாக நறுக்கி மூன்று கட்டுரைகள் ஆக்கும் வித்தை பெருகியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டு விதிகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தது. 2022-ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயத்தை அதுவே நீக்கிவிட்டது. அவ்வளவு பெரிய நாடு தன் விதியைத் திரும்பிப் பார்த்தது. நாம் எப்பொழுது பார்க்கப்போகிறோம்?

தமிழாய்வுக்கு இவ்விதி இரட்டைத் தண்டனை. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களில் அப்பட்டியலில் இடம்பெறுவன மிக மிக அரிது. ஆகவே, தமிழ்ப் பிள்ளையைப் பற்றி ஆராய்கிறவர், தமிழாசிரியர் படிக்கவே வாய்ப்பில்லாத இதழில், தமிழாசிரியர் பலருக்கும் எளிதில் விளங்காத ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதியவருக்குப் பட்டம். பிள்ளைக்கு?

பள்ளியும் பல்லியும்

என் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயரும் இடமும் வேண்டா. தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பகுதி நேரமாக ஏழு ஆண்டுகள் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். காலையில் வகுப்பு, மாலையில் புறப்பாட நடவடிக்கை, இரவில் ஆய்வு. பள்ளி விடுமுறை என்பது அவருடைய பிள்ளைகளுக்கு மட்டும்தான். அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழ்ப்பள்ளி மாணவர்களின் எழுத்துப் பிழைகள். நமக்கெல்லாம் அன்றாடம் தலைவலி தரும் பொருள்.

நம் வகுப்பறைகளை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு மாணவன் "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதுகிறான். அவன் சுவரில் ஊரும் பல்லியிடம் போகவில்லை. பள்ளிக்குத்தான் போனான். லகர ளகர வேறுபாடு அவன் செவியில் விழவில்லை. வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ். நாவில் இல்லாத ஒலி கைக்கு எப்படி வரும்? இது எழுத்துக்கூட்டல் சிக்கலா, ஒலிச் சிக்கலா, வீட்டுமொழிச் சிக்கலா? இதற்கு விடை தெரிந்தால் என் போன்றோர் கற்பிக்கும் முறையே மாறும்.

நண்பர் ஆய்வேட்டைத் தமிழில் எழுத இயலவில்லை. அது கல்வியியல் புலம். அங்கே மலாயோ ஆங்கிலமோதான். சரி, ஏற்றுக்கொண்டார். ஆனால், தேர்வாளருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், மாணவர்களின் வாக்கியங்களை உரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதச் சொன்னார்கள். பெயர்த்தார். என்ன ஆயிற்று தெரியுமா? பள்ளியும் பல்லியும் உரோமன் எழுத்தில் ஒன்றாகிவிட்டன! மாணவன் செய்த பிழையே தாளில் காணாமற்போயிற்று. இல்லாத பிழையைப் பற்றி நானூறு பக்கம் எழுதவேண்டிய நிலை. பின்னர்ப் புள்ளிகளும் கோடுகளும் போட்டு வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் அடியில் விளக்கம் எழுதி, ஒருவாறு முடித்தார். பட்டமும் பெற்றார்.

அந்த ஆய்வேடு இன்று எங்கே? நூலகத்தின் அலமாரியில், கெட்டி அட்டைக்குள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவக்கூடிய சுரைக்காய்தான். சமையலறைக்கு வரவில்லை, அவ்வளவே. பட்டம் பெற்ற மறுநாள் அவர் பள்ளிக்கு வந்தபோது அவருடைய கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட மாறவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக்கூட அவர் கண்டறிந்தது என்னவென்று தெரியாது. கேட்டவரும் இல்லை. ஆனால், அடுத்த அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'முனைவர்' சரியாக அச்சேறியது!

படிவங்கள் வந்தன, விடைகள் வரவில்லை

எத்தனை ஆய்வாளர்கள் நம் பள்ளிகளின் வாயிலைத் தாண்டி வந்திருக்கிறார்கள்! கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதம், மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம், கையில் ஒரு கட்டு வினாப்படிவம். நாங்கள் பாடவேளையை விட்டுக்கொடுத்து, பிள்ளைகளை அமரவைத்து, படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம். என் இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் இப்படி வந்தவர்கள் பலர். அவர்களுள் முடிவை எங்களிடம் திரும்பக் கொண்டுவந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒருவரும்!

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009-இல் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் புதிய கலைத்திட்டம் வந்தது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நாம் கூட்டம் போட்டோம், கோரிக்கை மனு கொடுத்தோம், நாளேடுகளில் எழுதினோம். உணர்ச்சி இருந்தது. சான்று? "எங்கள் மாணவர்களிடம் இத்தனை பள்ளிகளில் சோதித்தோம், விளைவு இது" என்று மேசையில் வைக்க நம் கையில் என்ன இருந்தது? என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. கொள்கை வகுப்போர் முன்னால் நாம் கண்ணீரோடு போனோம். கணக்கோடு போகவில்லை.

நம் முன்னோர் கேட்டது என்ன?

இவ்விடத்தில் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சமற்கிருதத்திற்கு முதன்மை தரவேண்டும் என்னும் பரிந்துரை வந்தது. இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பான்மையர் தமிழர். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுந்தார். தமிழே வேண்டும் என்று எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். எளிய மக்கள் தங்கள் கூலியிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். எதற்கு? பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கவேண்டும் என்பதற்கு! 1956-இல் துறை தோன்றியது. தமிழ் அங்கே இடம்பெற்றது.

கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழகப் படியைக்கூட மிதித்திராதவர்கள். அவர்கள் தங்களுக்குப் பட்டம் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அறிவு கேட்டார்கள்.

1961-இல் அத்துறைக்குத் தனிநாயகம் அடிகளார் வந்தார். அண்ணாமலையில் தமிழ் கற்றவர், இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் எடுத்த ஆய்வுப்பொருளே பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை உள்ளடக்கியது. பட்டத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாரா? 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். ஒரு முனைவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. அறுபதாயிரம் தேவைப்படவில்லை.

இன்று நாம் என்ன கேட்கிறோம்? மண்டபம் பிடித்து, மாலை வாங்கி, யாரும் கேள்விப்படாத ஏதோ ஓர் அமைப்பிடம் பணம் கட்டி 'டாக்டர்' ஆகிறோம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி எம்.கியூ.ஏ. என்னும் தகுதி முகவாண்மை அமைக்கப்பட்டது. ஏற்பளிக்கப்பட்ட உள்நாட்டுப் படிப்புகளின் பட்டியலை எவரும் அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். பெற்றோர்கள் பார்க்கிறார்களா? பள்ளிக்கு வருகிறவரின் பட்டத்தை ஒருமுறையேனும் சரிபார்த்தோமா?

எதிர்வாதங்களுக்கு என் மறுமொழி

"முனைவர் பட்டம் புதிய அறிவைத் தேடுவது. தொடக்கப்பள்ளிக்குச் சேவை செய்வது அதன் வேலையன்று" என்பர். உடன்படுகிறேன். விண்மீனை ஆராய்கிறவர் என் வகுப்புக்கு வரவேண்டா. கல்வெட்டை ஆராய்கிறவரும் வரவேண்டா. ஆனால், என் மாணவனை அமரவைத்து, அவன் நேரத்தை எடுத்து, அவன் விடைகளால் பட்டம் பெற்றவர் அவனுக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனைத்தான் கேட்கிறேன்.

"நாட்டில் முனைவர்கள் குறைவு. எண்ணிக்கை உயர்ந்தால்தான் பல்கலைக்கழகங்களுக்கு விரிவுரையாளர் கிடைப்பர்" என்பர். இதுவும் உண்மையே. நெறியாளர் இல்லாமல் ஆய்வு மாணவர் இல்லை. ஆனால், நல்ல நெறியாளர் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை வழிநடத்த முடியும்? எண்ணிக்கையை விரட்டினால் மாணவர் பெருகுவர், வழிகாட்டல் மெலியும். விதைநெல்லை விற்று அரிசி வாங்கியதாகத்தான் முடியும்.

"ஆசிரியர்கள் முனைவர் பட்டம் பெற்றால் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள்" என்பர் சில பெற்றோர். போகிறார்கள்தான். ஏன் போகிறார்கள்? அவர்கள் கற்றதைப் பயன்படுத்தப் பள்ளியில் இடமில்லை. இடம் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று தெரியும்.

நான் வேண்டுவன

வெறுமனே குறைகூறிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே, ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

1. தமிழ்ப்பள்ளியில் தரவு திரட்டும் ஒவ்வோர் ஆய்வாளரும், ஆய்வு முடிந்ததும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அப்பள்ளிக்குத் தரவேண்டும். தலைமையாசிரியர்கள் இதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

2. தமிழ்ப் பிள்ளைகளின் மொழியை ஆராயும் ஆய்வேட்டில், அது எம்மொழியில் எழுதப்பட்டாலும், பிள்ளைகளின் வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கவேண்டும். தேர்வாளருள் ஒருவரேனும் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

3. மலாயாப் பல்கலைக்கழகம், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நம் மிண்டன் வளாகம் என எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளி ஆய்வுகளுக்கு ஒரே பட்டியல் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதை ஓராண்டில் செய்து முடிக்கலாம்.

4. முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்து, அவர் கண்டறிந்ததைப் பிற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்றுவிக்க விடவேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஒருவர் மாதம் ஒரு பள்ளிக்குச் சென்றாலும் இரண்டரை ஆண்டுகளுக்குள் எல்லாப் பள்ளிகளையும் எட்டிவிடலாம்.

5. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளி அழைப்பிதழ்களில் மதிப்புறு பட்டங்களை அச்சிடுவதை நிறுத்தவேண்டும். பொன்னாடைக்கு ஆகும் செலவை ஒரு நிதியில் சேர்த்து, பகுதி நேரமாக ஆய்வு செய்யும் ஆசிரியரின் கட்டணத்திற்கு உதவவேண்டும். கூலி வேலை செய்த பாட்டன்மார் நூலகத்திற்கு நிதி தந்தார்கள். நம்மால் முடியாதா?

நிறைவாக

1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியோடு இணைந்து தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறு ஆண்டு விழா எடுத்தோம். அவ்வகுப்பு நம் ஜோர்ஜ் டவுனில்தான் பிறந்தது. இருநூறு ஆண்டுகளில் திண்ணையிலிருந்து முனைவர் பட்டம் வரை வந்துவிட்டோம். படிக்கட்டு முழுவதும் இருக்கிறது. மேலே ஏறியவர் கீழே இறங்கிவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு அன்று நான் சரியான விடை சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்: "ஊசி போட மாட்டாங்கம்மா. ஆனா, பாடம் ஏன் சிலருக்கு ஏறவே மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுதான் அவங்க வேலை." அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ சொன்னாங்களா ஐயா?" என்றாள்.

இவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. பட்டம் பெற்றவர்களே, உங்களிடம் இருக்கிறது. கொண்டுவந்து கொடுங்கள். எங்கள் பள்ளி வாயில் திறந்தே இருக்கிறது. இம்முறை வினாப்படிவம் வேண்டா, விடையோடு வாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்
ஜோர்ஜ் டவுன், பினாங்கு